வாரியத்தின் முகம்

மனிதசேவைப் பணியாளர் கடன்சுமைத் தணிப்பு வாரியம் தன் முதல் ஆண்டில் யாருடைய சுமையையும் தணிக்கவில்லை. அந்த ஆண்டு இலச்சினை வரைவதிலேயே போய்விட்டது. இரண்டு கைகள் ஓர் இதயத்தைத் தாங்குவதா, ஓர் இதயம் இரண்டு கைகளைத் தாங்குவதா என்பதில் வாரியத்துக்குள் கருத்து வேறுபாடு. தீர்த்துவைக்க ஓர் ஆலோசனை நிறுவனத்தை அழைத்தார்கள். அவர்கள் நல்ல தொகை வாங்கிக்கொண்டு, மேலே ஒரு சூரியனைச் சேர்த்துவிட்டுப் போனார்கள்.

மார்னி கிட்டல்சனுக்கு இதெல்லாம் தெரியாது. டுவெய்ன் ஃபால்ஸ் என்ற சிற்றூரில், லின்டன் தெருவில் இருந்த குழு இல்லத்தில் அவள் வேலை பார்த்தாள். தனியாக இருக்க முடியாத நான்கு பேர் அங்கே ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். அவர்களை எழுப்பிக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, சமைத்துப் போட்டு, வேனில் டாக்டரிடம் கூட்டிப் போய் வருவது அவள் வேலை. அதற்குச் சமூகப்பணிப் பட்டம் வேண்டும் என்றார்கள். பட்டத்துக்குக் கடன் வாங்க வேண்டியிருந்தது. ஒன்பது வருஷமாகக் கட்டியும் வாங்கியதைவிடக் கூடுதலாகவே பாக்கி நின்றது. அவள் தூங்கும்போதும் வட்டி தூங்கவில்லை. சனிக்கிழமைகளில் சூப்பர்மார்க்கெட் பேக்கரியில் நின்று டோனட்டுக்குச் சர்க்கரை தூவினாள்.

கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தவர் அவள் அப்பா கோர்டன். பால் டேங்கர் ஓட்டி ஓய்வு பெற்றவர். தவணை தவறினால் வசூல்காரர்கள் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவரும் கோபப்படாமல், "உங்க பக்கம் பனி எப்படி?" என்று விசாரித்துவிட்டுத்தான் வைப்பார்.

நெடுஞ்சாலை ஓரத்தில் புதிதாக ஒரு பெரிய கிடங்கு வந்திருந்தது. சம்பளம் ஒன்றரை மடங்கு. மார்னியோடு வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் அங்கே போய்விட்டார்கள். அப்படிப் போன டரெல் ஒருநாள் பெட்ரோல் பங்கில் அவளைப் பார்த்து, "பொட்டிங்க இதுவரைக்கும் என்னைக் கடிச்சதில்ல மார்னி. யோசிச்சுப் பாரு," என்றான்.

அவள் யோசிக்காமல் இல்லை. ஆனால் இல்லத்தில் பெவர்லி இருந்தாள். எழுபது வயது, பேச்சு கிடையாது, விழுங்குவதில் சிரமம். நேராக நிமிர்த்தி உட்காரவைத்து, எல்லாவற்றையும் பட்டாணி அளவுக்கு நறுக்கி, ஒவ்வொரு வாய்க்கும் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். வேறு யார் ஊட்டினாலும் உதட்டை இறுக்கிக்கொள்வாள். மார்னி ஊட்டினால் சாப்பிடுவாள். பிடித்த பண்டமாக இருந்தால் மேஜையைத் தட்டுவாள். ஆர்லோவும் இருந்தான். ஐம்பதைத் தாண்டியவன். டிவியில் வானிலை பார்த்து வீடு முழுக்க அறிவிப்பதைத் தன் உத்தியோகமாகவே வைத்திருந்தான்.

இந்த நிலையில்தான், மனிதசேவையில் இருப்பவர்கள் வேலையை விட்டுப் போகாமலிருந்தால் அவர்களுடைய கல்விக் கடனை வாரியமே அடைக்கும் என்று அறிவிப்பு வந்தது. இல்லத்தின் மேலாளர் ஜோலீன் அதை மார்னியின் முன்னால் வைத்து, "இதையாவது முயற்சி பண்ணு. நீயும் போயிட்டா நான்தான் முதுகுல பேண்டேஜைச் சுத்திக்கிட்டு எல்லா ஷிஃப்டும் பாக்கணும்," என்றாள். அவளுக்கு முதுகுவலி.

மார்னி வாரியத்தின் உதவி எண்ணைக் கூப்பிட்டாள். காத்திருக்கும்போது புல்லாங்குழல் ஒலித்தது. பிறகு ஓர் இளைஞன் குரல்.

"நீங்க செய்யறது மனிதசேவைதானான்னு பாக்கணும் மேடம். இல்லத்துல என்னென்ன செய்வீங்க?"

"சமைப்பேன்."

"அது உணவுச் சேவை. வேற?"

"குளிப்பாட்டி விடுவேன்."

"அது உடல்பராமரிப்பு. சுகாதாரத் துறைக்குப் போயிடும்."

"டாக்டர்கிட்ட வேன்ல கூட்டிட்டுப் போவேன்."

"போக்குவரத்து."

"பெவர்லிக்குப் புரையேறினா முதுகைத் தட்டி, சளியை எடுத்து..."

"அவசர மருத்துவம். அதைத் தயவுசெஞ்சு விண்ணப்பத்துல எழுதிடாதீங்க, வழக்காயிடும்." இளைஞனுக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது போல. "அவங்களோட சும்மா உக்காந்து பேசுவீங்களா?"

"நேரம் கெடைச்சா."

"அதான் மேடம் மனிதசேவை. அது வாரத்துக்கு முப்பத்தஞ்சு மணி நேரம் இருக்கணும்."

ஜோலீன் ஒரு வழி கண்டுபிடித்தாள். 'உரையாடியவாறே உணவளித்தல்', 'உரையாடியவாறே நீராட்டுதல்' என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டாள். பேசவே பேசாத பெவர்லியோடு எப்படி உரையாடுவது என்று மார்னி கேட்டாள். "நீ பேசுவேல்ல, அது போதும். சட்டசபையிலயும் அப்படித்தான் நடக்குது," என்றாள் ஜோலீன்.

சில வாரங்கள் கழித்து வாரியத்திலிருந்து அழைப்பு வந்தது. பேசியவள் விட்னி ஆஷ்கிராஃப்ட், தொடர்புத் துறை இயக்குநர்.

"மார்னி, நீங்க தேர்வாகிட்டீங்க."

மார்னி கையிலிருந்த துண்டோடு குளியலறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அப்ப கடனைக் கட்டிடுவீங்களா?"

"அது தகுதிப் பிரிவோட வேலை, ஆண்டு முடிவுல பாப்பாங்க. இது அதைவிடச் சந்தோஷமான விஷயம். நீங்கதான் எங்க முகம்."

முகத்தைப் படம் பிடிக்க ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். கூடத்து விளக்குகள் போதவில்லை என்று வேறு விளக்குகள் வைத்தார்கள். திரைச்சீலை சோகமாக இருக்கிறது என்று கழற்றினார்கள். மார்னி ஒருவருக்கு உணவூட்டுவதுபோலப் படம் வேண்டும் என்றார்கள். மார்னி பெவர்லியை அழைத்துவரப் போனாள். விட்னி தடுத்தாள்.

"வேணாம், அவங்க தனியுரிமை முக்கியம். நாங்க ஆள் கொண்டுவந்திருக்கோம்."

அந்த ஆள் காப்பீட்டு விளம்பரங்களில் தாத்தாவாக வருகிறவர். நல்ல மனிதர்தான். சாம்பல்நிற ஸ்வெட்டர் போட்டு, தோளைக் குறுக்கிக்கொண்டு, ஆர்லோவின் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அது என் நாற்காலி," என்றான் ஆர்லோ.

"தெரியும் ஆர்லோ. உங்க தனியுரிமையைப் பாதுகாக்கத்தான் இதெல்லாம்," என்றாள் விட்னி.

"நான் கேக்கலையே."

உருளைக்கிழங்கு மேலே பரப்பிச் சுட்ட இறைச்சி கேசரோல்தான் அன்றைய இரவு உணவு. ஒவ்வொரு முறை கேமரா ஓடும்போதும் மார்னி ஒரு கரண்டி ஊட்ட, அந்தப் பெரியவர் கண் கலங்க வாங்கிக்கொண்டார். ஒளி சரியில்லை, முடி பறக்கிறது என்று திரும்பத் திரும்ப எடுத்ததில் பாத்திரம் காலியாகிவிட்டது. ஆர்லோ சுவரோரம் நின்று கடைசிவரை பார்த்தான்.

"அவருக்குக் கை நல்லாத்தானே இருக்கு. ஏன் ஊட்டி விடறே?"

"அது அவர் வேலை ஆர்லோ."

"சாப்பிடறதா?"

அந்த வேலைக்கு எவ்வளவு என்று மார்னி பெரியவரிடமே கேட்டாள். அவர் கூச்சத்தோடு சொன்ன தொகை அவளுடைய ஒரு வாரச் சம்பளத்தைவிட அதிகம். அன்றைக்கு இல்லத்தில் எல்லோரும் பிட்சா வாங்கிச் சாப்பிட்டார்கள். பெவர்லிக்கு மட்டும் மார்னி ஓட்ஸ் காய்ச்சினாள்.

விழா தலைநகரில், ஓர் ஓட்டலில் நடந்தது. கோர்டன் சவ அடக்கங்களுக்கு மட்டும் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு மகளோடு வந்திருந்தார். வாரியத்தின் தலைவர் ப்ரென்ட் லூடெமன் மேடையேறினார். உயரமான, கனிவான மனிதர். கனிவு அவருடைய உத்தியோகத்தில் ஒரு பகுதி.

"நண்பர்களே, கடன் என்பது ஓர் எண் அல்ல. அது ஓர் உணர்வு. எண்ணை யார் வேண்டுமானாலும் அடைத்துவிடலாம். உணர்வைத் தணிக்க ஒரு வாரியம் தேவைப்படுகிறது," என்று ஆரம்பித்தார். "எனக்கும் கல்விக் கடன் இருந்திருக்கும். என் தந்தை கட்டணத்தைக் கட்டிவிட்டதால் அந்த அனுபவத்தை நான் இழந்தேன். அந்த இழப்புதான் என்னை இந்தப் பணிக்குக் கொண்டுவந்தது."

கைதட்டினார்கள்.

"மக்கள் வரிப்பணத்தில் ஒரு சென்ட்கூடத் தகுதியில்லாதவர் கைக்குப் போகக் கூடாது என்று உறுதி பூண்டோம். அதற்காக நிதியில் பெரும்பகுதியைச் சரிபார்ப்புக்கே செலவிட்டோம். இன்று பெருமையோடு சொல்கிறேன். இதுவரை ஒரு சென்ட்கூடப் போகவில்லை."

இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். மார்னியும் தட்டினாள். பக்கத்திலிருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றதால் அவளும் நின்றாள்.

பிறகு கதவளவு அட்டைக் காசோலை ஒன்றை இரண்டு பேர் தூக்கிவந்தார்கள். அதில் அவள் பெயரும் கடன் தொகையும் பெரிய எழுத்தில் இருந்தன. லூடெமன் ஒரு முனையையும் மார்னி மறு முனையையும் பிடிக்க, படமெடுத்தார்கள். படம் எடுத்து முடிந்ததும் அதே இருவர் காசோலையை வாங்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனார்கள். கோர்டன் அவர்கள் பின்னாலேயே போனார்.

"தம்பி, அதை நாங்க பேங்குல போட வேண்டாமா?"

"இது காசோலை இல்லீங்க. காசோலையோட உருவம்," என்றான் ஒருவன். "அடுத்த வாரம் வடக்கு மாவட்டத்துல விழா. வேன்ல ஏத்தணும்."

திரும்பும் வழியில் கோர்டன்தான் காரை ஓட்டினார். ஊர் நெருங்கும்போது, "விருந்துல கோழி நல்லா வெந்திருந்தது," என்றார்.

அடுத்த மாதம் கடன் நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. வருமானம் குறைவு என்பதால் மார்னிக்குச் சலுகைத் தவணை கொடுத்திருந்தார்கள். வாரியம் அவள் சுமையைத் தணித்துவிட்டதாகச் செய்தித்தாளில் படத்தோடு வந்துவிட்டதால், இனி அந்தச் சலுகை தேவைப்படாது என்று கருதி நீக்கிவிட்டார்களாம். அவள் விட்னியைக் கூப்பிட்டாள்.

"அந்தப் படம் அவ்வளவு தூரம் போயிருக்கா? அறிக்கையில சேத்துக்கறேன்," என்றாள் விட்னி.

முழுத் தவணைக்கு மார்னியின் சம்பளம் போதாது. கோர்டன் தன் மீன்பிடிப் படகை விற்றார். மகளிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை கொட்டகை காலியாக இருந்ததைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரிந்தது. கேட்டதற்கு, "ஏரியில இப்ப மீனே இல்ல," என்றார்.

வாரியத்தின் முகம் மாவட்டம் மாவட்டமாகப் போக வேண்டியிருந்தது. போகாவிட்டால் விண்ணப்பம் 'ஒத்துழைப்பின்மை' என்ற பிரிவுக்குப் போய்விடும் என்று விட்னி அன்பாகச் சொன்னாள். ஜோலீனுக்கும் மேலிடத்து உத்தரவு வந்தது. மார்னி இல்லாத நாட்களில் ஏதோ ஓர் ஏஜென்சியிலிருந்து தற்காலிக ஆட்கள் வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் புதிய ஆள். ஜோலீன் சொல்லிக்கொடுப்பதற்குள் அவர்களுடைய ஷிஃப்ட் முடிந்துவிடும்.

மேற்கு மாவட்ட விழாவில் மார்னி மேடையில் உட்கார்ந்திருந்தபோது கைபேசி மடியில் அதிர்ந்தது. ஜோலீன். எடுக்கவில்லை. மறுபடி அதிர்ந்தது. மூன்றாம் தடவை குனிந்து காதில் வைத்தாள்.

"பெவர்லிக்குப் புரையேறிடுச்சு. புதுசா வந்தவ ஹாட் டாக்கை நறுக்காம அப்படியே கையில குடுத்திருக்கா. ஆம்புலன்ஸ்ல இருக்கோம். மூச்சு சரியா இல்ல மார்னி."

மார்னி எழுந்து படியிறங்கி ஓடினாள். பேசிக்கொண்டிருந்த லூடெமன் சற்று நிறுத்தினார். பிறகு அவள் போன திசையில் கையை நீட்டினார்.

"பாருங்கள். கடமை அழைத்தால் மேடையைக்கூட உதறிவிட்டு ஓடுகிறார். இவரைப் போன்றவர்களை உருவாக்கியதுதான் இந்த வாரியத்தின் சாதனை."

கதவு மூடும்வரை அவள் முதுகுக்குப் பின்னால் கைதட்டல் கேட்டது.

பெவர்லி பிழைத்தாள். நுரையீரலில் உணவு இறங்கி நிமோனியா ஆகி, பல வாரங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்து, வயிற்றில் குழாயோடு வீட்டுக்கு வந்தாள். இனி வாய்வழியாக எதுவும் கூடாது என்றார்கள். சாப்பாட்டு நேரத்தில் அவளை மேஜைக்குக் கொண்டுவந்தால் மார்னியைப் பார்த்து வாயைத் திறந்தாள். மார்னியால் அதைப் பார்க்க முடியவில்லை. அப்போதும் வேலைக்கு வந்தாள், குழாயைக் கழுவினாள்.

ஆண்டு முடிவில் தகுதிப் பிரிவின் முடிவு வந்தது. நிராகரிப்பு. மனிதசேவை நேரம் குறைவு. மார்னி மேல்முறையீடு செய்தாள். மேல்முறையீட்டைக் கேட்டவரும் லூடெமன்தான். அன்றைக்கு வேறு டை கட்டியிருந்தார்.

"உங்கள் நேரம் குறைந்திருக்கிறது," என்றார் வருத்தத்தோடு.

"அந்த நேரமெல்லாம் உங்க விழாவுலதானே சார் இருந்தேன்."

"ஆமாம். அதற்கு வாரியம் என்றும் நன்றியோடு இருக்கும். ஆனால் விழாவில் உட்கார்ந்திருப்பது மனிதசேவை ஆகாது. நானே எத்தனையோ வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன், எனக்குத் தெரியும்."

"வரலேன்னா ஒத்துழைக்கலேன்னு சொல்லுவோம்னீங்க."

"அதுவும் சரிதான். இரண்டு விதிகளுமே தனித்தனியாக மிகவும் நல்ல விதிகள்." அவர் மேஜைமேல் கைகளைக் கோத்துக்கொண்டார். "நீங்கள் தேர்வாகாமல் இருந்திருந்தால் உங்களுக்குத் தகுதி இருந்திருக்கும். இதை நான் உங்கள் மனநிம்மதிக்காகச் சொல்கிறேன்."

அடுத்த வசந்தத்தில் வாரியத்தின் நிதியை நீட்டிப்பதா வேண்டாமா என்று சட்டமன்றக் குழு கூடியது. சாட்சி சொல்ல மார்னியை அழைத்திருந்தார்கள். அவள் லூடெமனுக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தாள். லூடெமன் திரையில் ஒரு கோட்டைக் காட்டினார். கோடு மேலே முட்டிக்கொண்டு நின்றது.

"நாங்கள் தேர்ந்தெடுத்த பணியாளர்களில் நூறு விழுக்காட்டினர் இன்னும் வேலையில் நீடிக்கிறார்கள்."

"எத்தனை பேரைத் தேர்ந்தெடுத்தீங்க?" என்று குழுவிலிருந்த ஒரு பெண்மணி கேட்டார். பண்ணைத் தொகுதியிலிருந்து வந்தவர், குரலில் சளி கட்டியிருந்தது.

"தரத்தில் கவனம் செலுத்தினோம். ஒருவர்."

"அவங்களுக்குக் கடன் அடைச்சாச்சா?"

"இல்லை. அங்கேதான் இந்தத் திட்டத்தின் மாண்பு இருக்கிறது. பணம் கொடுக்காமலே தக்கவைத்திருக்கிறோம். கொடுத்திருந்தால் அவர் பணத்துக்காக இருக்கிறாரா, சேவைக்காக இருக்கிறாரா என்று நமக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப யாருக்குமே பணம் போகலையா?"

"போகவில்லை என்று சொல்ல முடியாது. எங்கள் தொடர்புத் துறை இயக்குநரின் கடனை அடைத்தோம். அவர் வாரத்தில் முப்பத்தைந்து மணி நேரத்துக்கும் மேல் மனிதசேவைப் பணியாளர்களோடு நேரடியாக உட்கார்ந்து பேசியிருக்கிறார். விதிகளின்படி முழுத் தகுதி பெற்ற ஒரே விண்ணப்பம் அது."

பின்வரிசையில் விட்னி அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டாள்.

குழுவின் பெண்மணி மார்னி பக்கம் திரும்பினார். "நீங்க இன்னும் அந்த இல்லத்துலதான் வேலை பாக்கறீங்களா?"

"இல்லீங்க," என்றாள் மார்னி.

லூடெமன் திரும்பிப் பார்த்தார். சொன்னது தன் வாய்தானா என்று மார்னிக்கே சந்தேகமாக இருந்தது.

"எப்பலேர்ந்து?"

"இப்பலேர்ந்து. பெவர்லின்னு ஒருத்தங்களுக்கு நான்தான் ஊட்டுவேன். அவங்களுக்குப் புரையேறினப்ப நான் இவங்க மேடையில இருந்தேன். இனிமே அவங்க சாப்பிட மாட்டாங்க. எங்கப்பா படகை வித்துட்டாரு. நான் நல்லா வேலை செய்யறவதாங்க. என்னை யாரும் தக்கவைக்க வேண்டியதில்ல, தொந்தரவு பண்ணாம விட்டிருந்தாலே இருந்திருப்பேன்."

லூடெமன் ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தார்.

"ஆழ்ந்த வருத்தம் தரும் செய்தி. இருந்தாலும் பதிவுக்காக ஒன்றைத் தெளிவுபடுத்துகிறேன். எங்கள் அறிக்கைக் காலம் நேற்றோடு முடிந்துவிட்டது. ஆகவே நூறு விழுக்காடு செல்லும்."

நிதியை இரட்டிப்பாக்கினார்கள்.

தாழ்வாரத்திலிருந்தே மார்னி ஜோலீனைக் கூப்பிட்டாள். ஜோலீன், "எனக்கு உன் மேல கோவம் வரணும். வர மாட்டேங்குது," என்றாள். "ஆர்லோகிட்ட நீயே சொல்லு. என்னால முடியாது."

ஆர்லோ வானிலை பார்த்துக்கொண்டிருந்தான். கிடங்கு வேலைக்குப் போவதை அவள் சொல்லி முடிக்கும்வரை திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அங்க யாரைப் பாத்துப்பே?"

"யாரையும் இல்ல. பொட்டிங்களை அடுக்கணும்."

"பொட்டிங்களுக்கு நீ எதுக்கு?" என்றான். அவன் சத்தத்தைக் கூட்டி வைத்தான்.

கிடங்கில் டரெல் சொன்னது சரிதான், எதுவும் கடிக்கவில்லை. கால் வலித்தது. தவணை கட்ட முடிந்தது. இல்லத்தில் அவள் இடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. ஜோலீன் பேண்டேஜைச் சுற்றிக்கொண்டு ஷிஃப்ட் பார்த்தாள். ஆர்லோ மூன்று வாரம் மார்னியோடு போனில் பேசவில்லை. நான்காவது வாரம் அவனே கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை மழை இருக்காது என்று மட்டும் சொன்னான். அதன்பிறகு வெள்ளிதோறும் அவள் அவனைக் கூட்டிக்கொண்டு ஏரிக்கரை உணவகத்துக்கு மீன் வறுவல் சாப்பிடப் போனாள். அவனை அழைக்க வரும்போது இல்லத்துக்குள் போய்ப் பெவர்லியின் கையைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருவாள்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, தட்டு வந்து மார்னி எலுமிச்சையைப் பிழிந்துகொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. விட்னி. மனிதசேவைப் பணியாளர்கள் ஏன் வேலையை விட்டுப் போகிறார்கள் என்பது பற்றி வாரியம் இரண்டு நாள் மாநாடு நடத்துகிறதாம். தங்க அறை, மதிய உணவு எல்லாம் உண்டு.

"நீங்க வந்து உங்க கதையைச் சொன்னீங்கன்னா ரொம்பச் சக்தி வாய்ந்ததா இருக்கும் மார்னி. பழைய படங்கள் எல்லாம் எங்ககிட்டயே இருக்கு. நீங்க வெறும்..."

மார்னி போனைக் காதிலிருந்து எடுத்துப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆர்லோ எண்ணெய்க் கையை நாப்கினில் துடைத்துவிட்டு, எட்டி அதை வாங்கினான்.

"மார்னி சாப்பிட்டுட்டிருக்கா," என்றான். "அப்புறமும் கூப்பிடாதீங்க."